பழைய ஆங்கிலச் சட்டச் சொற்களை வாசிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் பழைய நீதிமன்றப் பதிவுகளையோ நிலப் பத்திரங்களையோ முதன்முதலாகத் திறப்பவர், அவற்றில் வரும் விளங்காத சொற்களைக் கண்டே அஞ்சுகிறார். அந்த அச்சம் தேவையற்றது. ‘டியோடண்ட்’, ‘மார்ட்மெயின்’ போன்ற சொற்கள் யாரையும் ஏமாற்றுவதில்லை. விளங்கவில்லை என்பது உடனே தெரிந்துவிடுவதால் நாமே அகராதியைத் தேடிப் போய்விடுகிறோம். ஏமாற்றுபவை ‘ஃபைன்’, ‘அப்பீல்’, ‘பர்ச்சேஸ்’, ‘ரிலீஃப்’ போன்று நமக்கு நன்றாகத் தெரியும் என்று நாம் நம்பும் சொற்களே. நான் இத்துறைக்குள் நுழைந்த புதிதில், நிலம் சார்ந்த ஆவணங்களில் ‘ஃபைன்’ என்று கண்ட இடமெல்லாம் ‘அபராதம்’ என்று குறித்துக்கொண்டே போய், 13ஆம் நூற்றாண்டில் நிலம் வைத்திருந்த இத்தனை பேர் என்ன குற்றம் செய்து தண்டம் கட்டினார்கள் என்று பல நாள் குழம்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவரும் குற்றம் செய்தவர் அல்லர் என்பது பிறகுதான் விளங்கியது.

ஆகவே இந்த வழிகாட்டி சொற்பட்டியல் தரப்போவதில்லை. ஒரு சொல்லைக் கண்டவுடன் அதன் பொருளைத் தேடுவதற்கு முன்பாக எவற்றையெல்லாம் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதையே படிப்படியாகச் சொல்கிறது.

முதற்படி: ஆண்டை உறுதிசெய்யுங்கள்

நம்முடைய சோழர் கல்வெட்டுகள் மன்னனின் ஆட்சியாண்டை ‘யாண்டு’ என்று குறிப்பதைப் போலவே, ஆங்கிலேயச் சட்டங்களும் பதிவுகளும் நெடுங்காலம் மன்னரின் ஆட்சியாண்டையே குறித்தன. ‘27 ஹென்றி VIII, அத்தியாயம் 10’ என்று ஒரு சட்டம் சுட்டப்பட்டால், எட்டாம் ஹென்றியின் 27ஆம் ஆட்சியாண்டில் கூடிய நாடாளுமன்ற அமர்வில் இயற்றப்பட்ட பத்தாவது சட்டம் என்று பொருள். ஹென்றியின் ஆட்சி 1509 ஏப்ரல் 22 அன்று தொடங்கியதால், அந்த 27ஆம் ஆண்டு 1535 ஏப்ரல் 22 முதல் 1536 ஏப்ரல் 21 வரை நீள்கிறது. அதனால்தான் ஒரே சட்டத்தை ஒரு நூல் 1535 என்றும் மற்றொரு நூல் 1536 என்றும் குறிக்கக் காண்கிறோம்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ஜான் மன்னரின் ஆட்சியாண்டு, நாள் மாறி மாறி வரும் ஒரு கிறித்தவத் திருநாளான இயேசுவின் விண்ணேற்ற நாளிலிருந்து கணக்கிடப்பட்டதால், அவருடைய ஆண்டுகள் ஒன்றுக்கொன்று நீளத்தில் வேறுபடும். இரண்டாம் சார்லஸ் உண்மையில் அரியணைக்கு மீண்டது 1660இல் என்றாலும், தந்தை முதலாம் சார்லஸ் தலை வெட்டுண்ட 1649 ஜனவரி 30 முதலே அவர் மன்னர் என்று கணக்கிட்டதால், அவர் நாடு திரும்பிய ஆண்டே அவருடைய 12ஆம் ஆட்சியாண்டாகப் பதிவாகியிருக்கிறது.

ஆட்சியாண்டை மாற்றிய பிறகும் ஒரு கணக்கு மிச்சமிருக்கும். 1752க்கு முன்பு இங்கிலாந்தின் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. எனவே முதலாம் சார்லஸ் கொல்லப்பட்ட ஜனவரி நாளை அக்கால ஆவணங்கள் 1648 என்றே எழுதின. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான எந்த நாளையும் 1648/9 என்று இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் குறித்துக்கொள்வது பாதுகாப்பான பழக்கம். 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆனது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், இடையில் பதினொரு நாள் ஆவணமே இல்லையே என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

ஆண்டைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். ‘நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு’ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்கு ஆங்கிலச் சட்டத்தில் திட்டவட்டமான தேதி உண்டு. 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தின் வழியாக, முதலாம் ரிச்சர்டு முடிசூடிய 1189 செப்டம்பர் 3 அந்த எல்லையாக நிலைத்தது. ஒரு வழக்கம் அந்த நாளுக்கு முன்பிருந்தே இருந்து வருவதாகக் கருதப்பட்டால்தான் அது ‘தொன்றுதொட்ட’ வழக்கம் ஆகும்.

இரண்டாம் படி: ஆவணம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்று பாருங்கள்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, அந்நாட்டின் சட்டம் மூன்று மொழிகளில் நடந்தது. பதிவுகள் லத்தீனிலும், வழக்குரைஞர்களின் வாதமும் குறிப்புகளும் பிரெஞ்சிலும் இருக்க, சாட்சி சொன்ன எளிய மக்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். வழக்காடுவது ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது என்பது வேடிக்கை. வழக்குரைஞர்கள் அதன் பிறகும் தங்கள் பிரெஞ்சை விடவில்லை. உயிர்ப்பு அற்றுப்போன அந்த மொழி நாளடைவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்த ஒருவகை மணிப்பிரவாளமாகவே ஆகிவிட்டது. 1631இல் சால்ஸ்பரியில் தண்டனை பெற்ற கைதி ஒருவன் தலைமை நீதிபதியின் மீது செங்கல் துண்டை எறிந்து குறி தவறிய செய்தியைக் குறித்துவைத்தவர், ‘எறிந்தான்’ என்பதைப் பிரெஞ்சிலும், ‘செங்கல்’, ‘மயிரிழையில் தவறியது’ என்பவற்றை ஆங்கிலத்திலும் எழுதி, ஒரே வாக்கியமாகக் கட்டியிருக்கிறார். கைதியின் வலக்கையை வெட்டி, நீதிமன்றத்தின் முன்பே தூக்கிலிட்டார்கள் என்பது அக்குறிப்பின் மிச்சப் பகுதி.

1731இல் இயற்றப்பட்டு 1733 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமே எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றியது. இடையில் 1650இல் குடியரசு ஆட்சி இதே மாற்றத்தைச் செய்து, 1660இல் மன்னராட்சி மீண்டதும் அது கைவிடப்பட்டது. ஆகவே 1650களின் பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதும் 1670களின் பதிவுகள் லத்தீனுக்குத் திரும்புவதும் பிழையல்ல.

மொழியை அறிவதால் நேரடியான பயன் ஒன்று உண்டு. சொல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால், இன்றைய ஆங்கிலப் பொருளை அதன் மீது ஏற்றிவிடும் தவறு குறையும். ‘பியூனி’ நீதிபதி என்ற சொல்லைப் பாருங்கள். பழைய சென்னை உயர்நீதிமன்ற ஆவணங்களிலும் இலங்கை நீதிமன்ற ஆவணங்களிலும் இது வரும். ‘பின்னால் பிறந்த’ என்னும் பிரெஞ்சுத் தொடரே இதன் வேர். தலைமை நீதிபதிக்கு அடுத்த நிலையினர் என்பதே பொருள். அற்பமான, நோஞ்சானான என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான் என்றாலும், நீதிபதியை யாரும் நோஞ்சான் என்று சொல்லவில்லை.

‘கல்ப்ரிட்’ என்ற சொல்லோ முழுக்க ஒரு எழுத்தரின் சுருக்கக் குறிப்பிலிருந்தே பிறந்தது. கைதி தன்னைக் குற்றமற்றவன் என்று சொன்னதும், அரசுத் தரப்பு ‘குற்றவாளி, மெய்ப்பிக்க அணியமாக இருக்கிறோம்’ என்று பிரெஞ்சில் மறுமொழி சொல்வது வழக்கம். அதை இரண்டு சுருக்கங்களாக ஏட்டில் எழுதிவைக்க, பின்வந்தவர்கள் அவற்றைச் சேர்த்து வாசித்துக் கைதியைக் கூப்பிடும் சொல்லாக்கிவிட்டார்கள்.

மூன்றாம் படி: எந்த மன்றம் என்று பாருங்கள்

1873, 1875 ஆண்டுகளின் சட்டங்கள் ஒன்றிணைக்கும் வரை, மன்னர் மன்றம், பொது வழக்கு மன்றம், கருவூல மன்றம், சான்சரி மன்றம் என்று தலைமை நீதிமன்றங்கள் தனித்தனியே இயங்கின. இவற்றுக்கு வெளியே திருச்சபை மன்றங்களும், பண்ணையூர்களின் மன்றங்களும், சந்தைகளில் அன்றன்றைக்கே தீர்ப்புச் சொன்ன ‘பைபவுடர்’ மன்றங்களும் இருந்தன. கடைசியாகச் சொன்ன பெயர் ‘புழுதி படிந்த பாதம்’ என்ற பிரெஞ்சுத் தொடரின் திரிபு. ஊர் ஊராக நடந்து வரும் வணிகர்களின் கால்களைச் சுட்டியது.

மன்றம் மாறினால் சொல்லின் பொருளும் மாறும். ‘லைபல்’ என்பது மன்னர் மன்றத்தில் எழுத்தால் செய்த அவதூறு. அதே சொல் திருச்சபை மன்றத்தில் வாதி தாக்கல் செய்யும் உரிமைக் கோரிக்கையைக் குறிக்கும். 1858 வரை உயில்களை மெய்ப்பிக்கும் அதிகாரம் திருச்சபை மன்றங்களிடமே இருந்ததால், குடும்ப வரலாறு தேடுவோர் இந்தச் சொல்லை அடிக்கடி சந்திப்பார்கள். உயில் வழக்கில் யாரோ யாரையோ இழிவாக எழுதினார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நான்காம் படி: தெரிந்த சொல்லைச் சந்தேகியுங்கள்

என் குழப்பத்துக்குக் காரணமான ‘ஃபைன்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். லத்தீனில் ‘முடிவு’ என்னும் பொருளுடைய சொல்லே இதன் வேர். நிலத்தை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு அசைக்க முடியாத முறையில் மாற்ற விரும்பியவர்கள், தங்களுக்குள் வழக்கு இருப்பதாக நீதிமன்றத்தில் காட்டி, உடனே அதைச் சமாதானமாக முடித்துக்கொண்டார்கள். அந்த உடன்பாட்டின் பெயரே ‘ஃபைன்’. ஒரே தோலில் மூன்று படிகள் எழுதப்பட்டு, வளைவு வளைவாக வெட்டப்பட்டு, இரண்டு படிகள் இரு தரப்புக்கும் போக, அடிப்பகுதியில் எழுதிய மூன்றாவது படி அரசின் கருவூலத்தில் தங்கியது. யாரேனும் பொய்ப் படி செய்தால் வெட்டிய விளிம்புகள் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். 1195 முதல் 1833ஆம் ஆண்டின் சட்டம் இந்த முறையை ஒழிக்கும் வரை சேர்ந்த அந்த அடிப்படிகள், லண்டனில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றில் எழுதியிருக்கும் பணத்தொகை பெரும்பாலும் சடங்குத் தொகையே. நிலத்தின் விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டத்தைக் குறிக்கும் ‘ஃபைன்’ என்ற பொருளும் பழங்காலத்திலேயே உண்டு என்பதால், சொல்லைச் சுற்றியுள்ள வாக்கியத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

‘பர்ச்சேஸ்’ என்றால் விலைக்கு வாங்குதல் என்று நாம் நினைப்போம். நிலச் சட்டத்தில் அது, வாரிசுரிமை வழியாக அல்லாமல் வேறு எவ்வழியிலும் நிலம் வந்து சேர்வதைக் குறித்தது. அப்பா உயில் எழுதி அயலான் ஒருவனுக்குக் காசு வாங்காமல் கொடுத்த நிலத்தைப் பெற்றவனும் ‘பர்ச்சேஸர்’தான். ‘ரிலீஃப்’ நிவாரணம் அல்ல. நில உடைமையாளர் இறந்தால், வாரிசு அந்த நிலத்தை ஏற்பதற்காக மேலாளரான பிரபுவுக்குக் கட்டும் தொகை. 1215இன் மாக்னா கார்ட்டா தன் இரண்டாம் பிரிவிலேயே இதற்கு வரம்பு கட்டியது என்பதிலிருந்து, அத்தொகை எவ்வளவு பெரிய பூசலுக்கு இடமாக இருந்தது என்று ஊகிக்கலாம். ‘டிமைஸ்’ சாவு அல்ல, குத்தகை. ‘இன்ஃபண்ட்’ கைக்குழந்தையும் அல்ல. 1970 வரை 21 வயது நிரம்பாத எவரும் சட்டத்தின் பார்வையில் ‘இன்ஃபண்ட்’தான், மீசை முளைத்திருந்தாலும். ‘ஹண்ட்ரட்’ என்பது மாவட்டத்தின் உட்பிரிவு.

‘அப்பீல்’ என்ற சொல்லுக்குச் சற்று நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இன்று அது மேல்முறையீடு. பழைய குற்றவியலிலோ, பாதிக்கப்பட்டவரோ இறந்தவரின் உறவினரோ அரசின் துணையின்றித் தாமே குற்றம் சாட்டி நடத்தும் தனிவழக்குக்கு அதே பெயர். மேரி ஆஷ்ஃபோர்டு என்ற பெண்ணின் கொலை வழக்கில் ஆபிரகாம் தார்ன்டன் என்பவர் 1817இல் விடுதலையானதும், மேரியின் அண்ணன் இந்தப் பழைய ‘அப்பீலை’த் தோண்டியெடுத்தார். தார்ன்டனோ அதற்கு இணையான பழைய உரிமையைத் தோண்டியெடுத்து, நீதிமன்றத்திலேயே கையுறையை எறிந்து, நேருக்கு நேர் போர் மூலம் தீர்ப்பு வேண்டும் என்றார். சட்டத்தில் அந்த உரிமை இன்னும் நீங்காமல் இருக்கிறது என்று நீதிபதிகள் 1818இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அண்ணன் போருக்கு வராததால் தார்ன்டன் விடுதலையானார். 1819இல் நாடாளுமன்றம் அப்பீலையும் அந்தப் போர்முறையையும் சேர்த்தே ஒழித்தது.

‘ஹேபியஸ் கார்ப்பஸ்’ கூட இந்த வகைதான். தமிழ்நாட்டில் நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் ஆட்கொணர்வு மனு என்றால் சட்டவிரோதக் காவலில் இருப்பவரை மீட்பது என்று தெரியும். அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘உடலை வைத்திரு’ என்பது மட்டுமே. நடுக்காலத்தில் பிரதிவாதியையோ சாட்சியையோ நடுவர்குழுவினரையோ நீதிமன்றத்துக்கு இழுத்து வருவதற்கும் அதே தொடக்கமுடைய ஆணைகள் பல இருந்தன. 14ஆம் நூற்றாண்டுச் சுருள் ஒன்றில் இச்சொல்லைக் கண்டதும் தனிமனித விடுதலையின் விடியலைக் கண்டுவிட்டதாக எழுதிவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கே யாரோ ஒருவர் விசாரணைக்கு வராமல் தட்டிக்கழித்துக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் படி: நிலச் சொற்களை நம் பத்திரச் சொற்களோடு ஒப்பிடுங்கள்

இந்தப் பகுதியில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. வீட்டிலுள்ள பழைய கிரையப் பத்திரத்தை ஒருமுறை வாசித்தவருக்கு ஆங்கில நிலச் சொற்கள் அவ்வளவு அந்நியமாகத் தோன்றா.

‘சீசின்’ என்ற சொல்லைச் சிலர் உரிமை என்றும் சிலர் அனுபோகம் என்றும் பெயர்க்கிறார்கள். நம் பத்திரங்களில் வரும் ‘சுவாதீனம்’ என்ற சொல்லே அதற்கு மிக நெருக்கமானது. பழைய ஆங்கில முறையில் நிலம் கைமாறப் பத்திரம் மட்டும் போதாது; விற்பவரும் வாங்குபவரும் சாட்சிகளோடு அந்த நிலத்துக்கே போய், ஒரு பிடி மண்கட்டியையோ மரக்கிளையையோ கையில் கொடுத்து வாங்க வேண்டும். ‘லிவரி ஆஃப் சீசின்’ என்பது இந்தச் சடங்கு. நடந்ததற்கு நினைவுச் சான்றாகவே எழுத்து இருந்தது என்பதால், மிகப் பழைய பத்திரங்கள் ‘கொடுக்கிறேன்’ என்று சொல்லாமல் ‘கொடுத்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்தில் பேசும்.

‘ஜானுக்கும் அவன் வாரிசுகளுக்கும்’ என்று ஒரு பத்திரம் சொன்னால், வாரிசுகளுக்குப் பங்கு கிடைத்தது என்று எண்ணத் தோன்றும். ஒன்றும் கிடைக்கவில்லை. ஜானுக்குக் கிடைத்தது ஆயுட்கால உரிமை மட்டுமல்ல, முழு உரிமை என்பதைக் காட்டும் அளவுச் சொற்கள் அவை. ஜான் மறுநாளே நிலத்தை விற்றுவிட்டால் மகன் ஒன்றும் கேட்க முடியாது. நம் கிரையப் பத்திரங்களில் வரும் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்ற தொடர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் ‘ஜானுக்கும் அவன் உடலில் பிறந்த வாரிசுகளுக்கும்’ என்று வந்துவிட்டால் கதை வேறு. 1285இன் சட்டப்படி அந்த நிலம் வழிவழியாகக் குடும்பத்துக்குள்ளேயே கட்டுண்டது. அதன் பெயர் ‘ஃபீ டெய்ல்’. ‘உடலில் பிறந்த’ என்ற இரண்டு சொல்லை வாசிப்பதில் தவறவிட்டால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வரலாறு தவறாகிவிடும்.

‘மார்ட்கேஜ்’ என்ற சொல்லில்தான், ஒரே சொல்லுக்குக் காலம் எப்படிப் பொருளை மாற்றுகிறது என்பதைத் தெளிவாகக் காணலாம். ‘செத்த அடகு’ என்பது அதன் நேர்ப்பொருள். ஏன் செத்தது? கிளான்வில் பெயரால் வழங்கும் 1180களின் சட்ட நூல் சொல்லும் காரணம் ஒன்று: கடன் கொடுத்தவர் நிலத்தின் விளைச்சலை அனுபவித்தும், அந்த விளைச்சல் அசலைக் குறைக்காவிட்டால் அடகு செத்தது, குறைத்தால் உயிருள்ளது. நம் ஊரில் வட்டிக்குப் பதிலாக வீட்டையோ வயலையோ அனுபவிக்க விடும் போக்கியத்தை அறிந்தவருக்கு இது உடனே பிடிபடும். 15ஆம் நூற்றாண்டின் நீதிபதியான லிட்டில்டன் சொல்லும் காரணம் வேறு: குறித்த நாளில் கடனைக் கட்டாவிட்டால் கடனாளிக்கு நிலம் செத்தது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவருக்கு அந்த அடகு செத்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது ஒப்பந்தத்தின் வடிவம். சொல் அப்படியே நின்றுவிட்டது. எனவே 12ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் ‘போக்கியம்’ என்றும் பிந்திய ஆவணத்தில் ‘அடமானம்’ என்றும் பெயர்ப்பதே என் வழக்கம்.

மீதமுள்ள சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘மார்ட்மெயின்’ என்பது ‘இறந்த கை’. சாவே இல்லாத திருச்சபையின் கைக்குப் போன நிலம் பிரபுவுக்கு மீண்டும் எந்த வருவாயும் தராது என்பதால் 1279இல் அத்தகைய மாற்றங்களைச் சட்டம் தடுத்தது. ‘எஸ்சீட்’ என்பது வாரிசின்றி இறந்தவரின் நிலம் மேலாளரிடம் திரும்புவது. ‘குவிட்கிளெய்ம்’ நம் விடுதலைப் பத்திரம். ‘காப்பிஹோல்டு’ என்பது பண்ணை மன்றப் பதிவேட்டின் படியையே பத்திரமாகக் கொண்ட உடைமை. 1926 தொடக்கத்தில்தான் முடிவுக்கு வந்தது.

நில வழக்குகளில் ‘ஜான் டோ’ என்ற பெயர் வாதியாக ஆயிரக்கணக்கில் வரும். அப்படி ஒரு ஆளே கிடையாது. நீண்ட பழைய நில வழக்கைத் தவிர்த்து, குத்தகைதாரர் வெளியேற்றப்பட்டதற்கான விரைவான வழக்கைப் பயன்படுத்துவதற்காக, உண்மையான உரிமையாளர் ஜான் டோ என்ற கற்பனை ஆளுக்குக் குத்தகை விட்டதாகவும், ரிச்சர்டு ரோ என்ற இன்னொரு கற்பனை ஆள் அவரை வெளியேற்றியதாகவும் எழுதிக்கொண்டார்கள். அந்த ரோ, நிலத்தில் உண்மையாகக் குடியிருப்பவருக்கு, நீர் வந்து வழக்காடும் என்று ‘உம் அன்புள்ள நண்பன்’ என்று ஒப்பமிட்டுக் கடிதமும் எழுதுவார். 1852 வரை இந்தக் கூத்து நடந்தது. வாசிக்கும் முறை எளிது: வழக்கின் தலைப்பில் டோ என்ற பெயருக்குப் பின்னால் குத்தகையைக் குறிக்கும் ‘டெம்’ என்ற சுருக்கம் வரும், அதற்குப் பின்னால் இருப்பவரே உண்மையான வாதி.

ஆறாம் படி: குற்றப் பதிவுகளில் எண்களை அப்படியே நம்பாதீர்கள்

தொடங்குவோருக்கு ஏற்ற பயிற்சிக்களம் லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்ற நடவடிக்கைப் பதிவுகள். 1674 முதல் 1913 வரையிலானவை ஆங்கிலத்திலேயே, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் வரக்கூடிய ஒரு பதிவைப் பயிற்சிக்காக நானே இயற்றித் தருகிறேன்: ‘1742. பணிப்பெண் ஒருத்தி, எசமானரின் வீட்டினுள் 3 பவுண்டு மதிப்புள்ள வெள்ளிக் கரண்டிகளைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. குற்றவாளி, 39 ஷில்லிங். டிரான்ஸ்போர்ட்டேஷன், ஏழாண்டு.’

ஒரு பவுண்டு 20 ஷில்லிங் என்பதால் கரண்டிகளின் மதிப்பு 60 ஷில்லிங். நடுவர்குழு ஏன் 39 என்றது? குடியிருக்கும் வீட்டினுள் 40 ஷில்லிங்கோ அதற்கு மேலோ திருடினால் தூக்கு என்று 1713ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. ஒரு ஷில்லிங்கைக் குறைத்து அந்த உயிரைக் காப்பாற்றினார்கள். கடைத்திருட்டுக்கு வரம்பு 5 ஷில்லிங் என்பதால் அங்கே 4 ஷில்லிங் 10 பென்ஸ் என்ற தொகை திரும்பத் திரும்ப வரும். 1827இல் வீட்டுத் திருட்டுக்கான வரம்பு 5 பவுண்டாக உயர்ந்ததும், பதிவுகளில் 99 ஷில்லிங் தோன்றத் தொடங்கியது. மதிப்பை இப்படிக் குறைக்கும் வழக்கத்தை 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞரான பிளாக்ஸ்டன் ‘பக்திமிக்க பொய்ச்சத்தியம்’ என்றார். இந்தத் தொகைகளைக் கொண்டு அக்கால வெள்ளிக் கரண்டியின் விலையைக் கணக்கிடப் புறப்பட்டவர் ஏமாந்துபோவார். ‘டிரான்ஸ்போர்ட்டேஷன்’ போக்குவரத்து அல்ல, கப்பலேற்றி நாடுகடத்துவது. அந்தப் பணிப்பெண் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் போயிருப்பாள். 1787க்குப் பிறகு என்றால் ஆஸ்திரேலியாவுக்கு.

‘குருமார் சலுகை இன்றி’ என்ற தொடர் ஒரு சட்டத்தில் வந்தால், தூக்கு என்று வாசியுங்கள். திருச்சபைக் குருமாரை அரசு மன்றம் தண்டிக்கக் கூடாது என்று தொடங்கிய சலுகை, எழுத்து வாசிக்கத் தெரிந்த எவரும் குருவாகக் கருதப்படலாம் என்று விரிந்தது. சோதனைக்குக் கொடுத்தது வழக்கமாக 51ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கழுத்தைக் காத்ததால் அதற்குக் ‘கழுத்துச் செய்யுள்’ என்றே பெயர். எழுத்தறியாதவனும் மனப்பாடம் செய்துகொண்டால் பிழைக்கலாம். ஒருவர் ஒருமுறைக்கு மேல் தப்பாதிருக்க 1489 முதல் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598இல் ஒரு நடிகரைச் சண்டையில் கொன்றுவிட்டு இந்த வழியில்தான் உயிர் தப்பினார். வாசிப்புச் சோதனை 1706இலும், சலுகையே 1827இலும் ஒழிந்தன.

‘அப்ரூவர்’ என்ற சொல்லை நம் நாளிதழ்கள் இன்றும் எழுதுகின்றன: ‘கூட்டாளி அப்ரூவராக மாறினார்’. நடுக்கால இங்கிலாந்தில் இது இத்தனை எளிதான வழி அல்ல. தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவன், அவர்கள் மறுத்தால் அவர்களோடு சண்டையிட்டு வெல்ல வேண்டும்; தோற்றால் அவனுக்கே தூக்கு.

‘டியோடண்ட்’ என்பது ‘கடவுளுக்குத் தரவேண்டியது’. ஒரு மனிதரின் சாவுக்குக் காரணமான குதிரையோ வண்டியோ, அதன் மதிப்போ அரசுக்குப் பறிமுதலாகும். ஓடும் வண்டியில் அடிபட்டால் முழு வண்டியும், நிற்கும் வண்டியின் சக்கரத்தில் ஏறும்போது விழுந்து இறந்தால் சக்கரம் மட்டும் என்று நுணுக்கமான விதிகளும் இருந்தன. மனுநீதிச் சோழன் கதை லண்டனில் நடந்து, இறந்தது கன்றாக இல்லாமல் மனிதராக இருந்திருந்தால், தேர்தான் தண்டனை பெற்றிருக்கும். ரயில் வந்த பிறகு இந்தப் பழைய விதி கசக்கத் தொடங்கியது. 1841 டிசம்பரில் சானிங் என்னும் இடத்தில் நேர்ந்த ரயில் விபத்துக்கு இறப்பு விசாரணை நடுவர்குழு 1000 பவுண்டு டியோடண்ட் விதித்தது. 1846இல் நாடாளுமன்றம் அதை ஒழித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமையை வேறு சட்டத்தால் தந்தது.

ஏழாம் படி: தமிழில் குறிப்பெடுக்கும் முறை

ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி அட்டையோ ஏட்டுப் பக்கமோ ஒதுக்கி, முதலில் ஆண்டு, மொழி, மன்றம் ஆகியவற்றை எழுதி, சொல் வந்த வாக்கியத்தை முழுதாகப் படியெடுத்து, அதன் பிறகே பொருளை எழுதுங்கள். பொருளை முதலில் எழுதினால் மற்றவற்றை எழுத மனம் வராது. அகராதி பார்க்கும்போது, ஆவணத்தின் காலத்துக்கு நெருக்கமான அகராதியையே முதலில் பாருங்கள். ஆனால் அவையும் சார்பற்றவை அல்ல. ஜான் கவல் 1607இல் வெளியிட்ட சட்ட அகராதி, ‘மன்னர்’, ‘நாடாளுமன்றம்’ போன்ற சொற்களுக்குத் தந்த விளக்கம் மன்னரின் பக்கம் சாய்ந்திருந்ததால் நாடாளுமன்றம் கொதித்தெழுந்தது. 1610இல் அரச ஆணையால் அந்நூலே முடக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பில் என் பரிந்துரை இதுதான். நம்மிடம் அதே வேலையைச் செய்யும் சொல் இருந்தால், சுவாதீனம், போக்கியம், விடுதலைப் பத்திரம், ஜப்தி என்று தயங்காமல் அதையே எழுதுங்கள். நிறுவனமே நம்மிடம் இல்லாதபோது, டியோடண்ட் என்றே எழுத்துப்பெயர்த்து ஒருமுறை விளக்கிவிடுங்கள். இந்திய அரசமைப்பின் 32ஆம் உறுப்பில் பெயர் சொல்லப்படும் ஐந்து நீதிப்பேராணைகளுக்கு மட்டும் அதிகாரபூர்வமான தமிழ்ப் பெயர்கள் இருப்பதால் புதிதாக ஆக்க வேண்டாம். அவற்றுள் மூன்றின் பழைய பெயர்களை இங்கிலாந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிய ஆங்கிலமாக மாற்றிவிட்டது. பழைய பெயர்களைத் தேடுபவருக்கு இப்போது சென்னை உயர்நீதிமன்றத்தின் தினசரி வழக்குப் பட்டியல்தான் அருகிலுள்ள இடம்.

முதல் மாதம் ஓல்டு பெய்லி பதிவுகளில் 1718க்கும் 1775க்கும் இடைப்பட்டவற்றில் நாளுக்கு இரண்டு வாசியுங்கள். ஆங்கிலத்திலுள்ள நிலப் பத்திரங்களை அதன் பிறகும், லத்தீன் சுருள்களைக் கடைசியிலும் எடுங்கள். தீர்ப்பில் 39 ஷில்லிங்கைக் கண்டதும் 1713ஆம் ஆண்டுச் சட்டம் அகராதியின்றி நினைவுக்கு வருமானால், அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.